ஒரு கொடிக்குப் பெயர் சொல்லப் போனது

கம்பம் பள்ளத்தாக்குக்குப் போகிறேன் என்றால் மதுரையில் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: சுருளி அருவிக்கா, மேகமலைக்கா? கல்லறைத் தோட்டத்துக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஒரு செடி பார்க்க" என்று சொல்லிவிட்டு, அக்டோபர் கடைசியில் ஒரு மழை நாளில், காலை ஆறு மணிக்கு ஆரப்பாளையத்தில் தேனி வண்டி ஏறினேன். டிக்கெட் அறுபது ரூபாய். பையில் ஒரு கைலென்ஸ், செடிகளை அமுக்கி வைக்கப் பழைய செய்தித்தாள், ஒரு களைக்கொத்து. களைக்கொத்தின் பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நடத்துநர் அதைப் பார்த்துவிட்டு, "தேனியில களையெடுக்க ஆள் கிடைக்கலன்னு மதுரையில இருந்து வரச் சொல்லிட்டாகளா?" என்றார். சுற்றியிருந்தவர்களோடு நானும் சிரித்தேன். அன்றைக்கு நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

நான் கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கிறவள். தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லோரும் செல்பேசியில் செடி கொடிகளைப் படமெடுத்து அனுப்பி "இது என்ன?" என்று கேட்பார்கள். பெயர் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. எங்கள் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஆரோக்கியம், தன் அக்கா அனுப்பியதாக ஒரு படம் காட்டினார். கலங்கிய படம், ஒரே ஒரு பூ, வெளிறிய ஊதா நிறம். அவரை வளர்த்த அக்கா ஜெபமாலை. அக்காவின் மகள் ரோசி ஒன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. குழந்தையின் குழி மேல் அம்மா நட்ட கொடி அது. சிமெண்டுக் கல்லறை கட்ட அப்போது வசதி இல்லை. மரச் சிலுவையைக் கரையான் தின்றுவிட்டது. கொடியோ அந்த மூலை முழுக்கப் பரவிவிட்டது. குழந்தை எந்த இடத்தில் கிடக்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

"அது சங்குப்பூதான்னு அக்கா சொல்லுது. முதல்ல நட்ட வேரைக் கண்டுபிடிக்க முடியுமா மேடம்?" என்று கேட்டார்.

சங்குப்பூவாக இருந்தால் முடியும் என்றேன். சங்குப்பூவுக்கு ஒரே ஆணிவேர். எவ்வளவு தூரம் படர்ந்தாலும் தண்டைப் பிடித்துக்கொண்டே போனால் அடியில் விரல் தடிமனுக்கு ஒரு கட்டை இருக்கும். பிறகு விழுந்து முளைத்த கன்றுகளிலிருந்து அதைப் பிரித்துச் சொல்லிவிடலாம். நேரில் பார்க்காமல் எதுவும் உறுதியில்லை என்றும் சொன்னேன். நான் சொன்ன "இருந்தால்" அக்காவின் காதுக்குப் போய்ச் சேர்வதற்குள் எங்கேயோ விழுந்துவிட்டிருக்கிறது. நீங்களும் வாருங்கள் என்று கூப்பிட்டதற்கு ஆரோக்கியம், "அந்த மூலையில நிக்க எனக்குத் தெம்பில்ல மேடம்" என்று சொல்லிவிட்டார்.

ஆண்டிபட்டிக் கணவாயில் தூறல் பிடித்தது. காற்றாலைகளின் தலை மேகத்துக்குள் இருந்தது. மதுரையிலிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டரைக் கடந்து தேனி புதிய பேருந்து நிலையத்தில் இறங்கும்போது எட்டு மணி தாண்டிவிட்டது. பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீ குடித்துவிட்டுக் கம்பம் வண்டிக்கு மாறினேன். பழனிசெட்டிபட்டியில் கால் மணி நேரம் நகராமல் நின்றோம். அங்கே ஊர் முடிந்து ஊர் தொடங்குவது கடைப் பலகைகளைப் படித்தால்தான் தெரியும். வீரபாண்டி தாண்டியதும் கண்ணுக்கு ஆறுதலாக நெல்வயல்கள் வந்தன. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்கால் நிறைய ஓடிக்கொண்டிருந்தது.

சீலையம்பட்டியில் ஒரு பூக்கார அம்மா இரண்டு சாக்குச் செவ்வந்தியும் ஒரு சாக்குக் கோழிக்கொண்டையுமாக ஏறி, ஒரு சாக்கை என் காலடியில் தள்ளினார்.

"நாளக்கழிச்சுக் கல்லறைத் திருநாளுல்ல. ராயப்பன்பட்டிக்கும் அனுமந்தன்பட்டிக்கும் பூ பத்தாது. நம்ம வேதக்காரக இல்லதான். ஆனா பூ நம்ம பூதான்."

"கொடிப்பூ ஏதாவது வாங்குவார்களா? சங்குப்பூ மாதிரி?"

"அத யாரு வாங்குவா? வேலியில கிடக்கிறத பறிச்சுக்கிட வேண்டியதுதான்" என்றவர், என் பையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "களைக்கொத்து எதுக்கு? கல்லறை செதுக்கவா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னேன். சின்னமனூர் வாழை மண்டிகளைத் தாண்டி, மேகமலைக்குத் திரும்பும் சாலையில் சுற்றுலா வேன்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தேன். அந்த வேன்களில் ஒன்றில் இருந்திருக்கலாமே என்று ஒரு கணம் தோன்றியது.

உத்தமபாளையத்தில் நகரப் பேருந்து. பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அனுமந்தன்பட்டிக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு சிற்றூரில் இறங்கினேன். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று ஜெபமாலை அக்கா கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். சாலையின் இரு பக்கமும் திராட்சைப் பந்தல். மேற்கே கேரள மலை, பாதிக்கு மேல் மழையில் மறைந்திருந்தது.

அக்கா நிறுத்தத்திலேயே காத்திருந்தார். அறுபது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, கழுத்தில் ஜெபமாலை, கையில் குடை. குடையை எனக்குப் பிடித்துவிட்டுத் தான் நனைந்துகொண்டு நடந்தார்.

"தம்பி சொன்னான், நீங்க வேரைப் பாத்தே வயசு சொல்லிருவீகன்னு. கொத்தனாரை வரச் சொல்லிட்டேன். மணலு, சிமிட்டி எல்லாம் எறக்கியாச்சு."

"முதலில் பார்ப்போம் அக்கா" என்றேன்.

வீட்டில் கடுங்காப்பி கொடுத்தார். சுவரில் வெள்ளை உடுப்போடு, முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கிய நாளில் எடுத்த ரோசியின் படம். அதன் கீழே ஒரு கறுப்புக் கிரானைட் கல் சாத்தியிருந்தது. பெயர், தோற்றம், மறைவு, ஒரு சிலுவை எல்லாம் செதுக்கி முடித்திருந்தது. கேரளத்தில் முண்டக்கயம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் புருஷனும் பெண்சாதியுமாகப் பால் வெட்டியிருக்கிறார்கள். ரோசி அங்கேதான் பிறந்து வளர்ந்தாள். அங்கேதான் காய்ச்சல் வந்தது. சொந்த ஊர் மண்ணில் வைக்க வேண்டும் என்று ஜீப்பில் குமுளி வழியாகக் கொண்டுவந்தார்களாம். கணவர் ஐந்து ஆண்டுகளுக்கு முன் தோட்டத்திலேயே இறந்துபோனார். வேலை ஓய்ந்து, கைக்கு வந்த பணத்தோடு இந்தச் சித்திரையில்தான் அக்கா மலையிறங்கியிருக்கிறார்.

"குழி வெட்டுனதே அவுகதான். அவுக இருந்திருந்தா கண்ணைக் கட்டி விட்டாக்கூட எடத்தைக் காட்டியிருப்பாக" என்றார்.

"கோயிலில் பதிவு இருக்குமே?"

"பேரு இருக்கு, தேதி இருக்கு. எடம் இல்ல டீச்சர். கட்டாத கல்லறைக்கு எடம் யாரு எழுதுவாக?"

இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்களில் கட்டாத குழிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுதோறும் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் வீட்டார் வந்து, மழையில் கரைந்த மேட்டுக்குப் புதுமண் அள்ளிப் போட்டு, கையால் தட்டி நீளவாக்கில் மேடு பிடித்து, மேலே பூவால் சிலுவை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். மேடு இருக்கும்வரை இடம் இருக்கும். அக்காவும் முதல் சில ஆண்டுகள் அப்படித்தான் செய்திருக்கிறார். பிறகு, தோட்டத்தில் ரோசி பறித்து விளையாடிய கொடியின் விதையைக் கொண்டுவந்து மேட்டின் மேல் ஊன்றினார். கொடி நன்றாகப் பிடித்துக்கொண்டது. மண்வெட்டி பட்டு வேர் அறுந்துவிடுமோ என்ற பயத்தில் மண் போடுவதை நிறுத்திவிட்டார். கொடி இருக்கிறதே, அடையாளம் போதும் என்று நினைத்திருக்கிறார். தொற்றுக் காலத்தில் குமுளிப் பாதை அடைபட்டு இரண்டு திருநாளுக்கு வர முடியவில்லை. மூன்றாவது ஆண்டு வந்து பார்த்தபோது மூலை முழுவதும் கொடி.

"ஒரு எடத்துல மட்டும் அடர்த்தியா இருக்கும். அதுதான்னு நானா வச்சுக்கிட்டு முட்டி போடுவேன். ஆனா சாந்து போட்டுட்டா மாத்த முடியாதுல்ல. அதான் கேட்டு விட்டேன். திருநாள் முடிஞ்சதும் அந்த மூலையைச் சமன் பண்ணிப் புதுக் குழிக்கு விடப்போறாகளாம். கட்டுறவுக கட்டிக்கிடுங்கன்னு பங்குச் சாமியாரு ரெண்டு மாசம் முந்தியே சொல்லிட்டாக. அவுகளையும் குத்தம் சொல்ல முடியாது, எடம் இல்ல."

பத்தரை மணிக்குக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். ஊருக்கு வெளியே, வாய்க்கால் கரையை ஒட்டி. முன்பகுதியில் சுண்ணாம்பு அடித்த கல்லறைகள், பெயிண்ட் வாசனை, கழுவிக்கொண்டும் பூச்சாடி வைத்துக்கொண்டும் குடும்பங்கள். தென்மேற்கு மூலை குழந்தைகளுக்கானது. அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே நடந்தார். கொத்தனார் பாண்டி, மழைக்காகத் தலையில் சிமெண்டுச் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு, மணல் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அழகாக இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். சுற்றுச்சுவர் வரை பச்சை. மேடு பள்ளம் எதுவும் தெரியவில்லை. அதன் மேல் நூற்றுக்கணக்கில் வெளிர் ஊதாப் பூக்கள். நடுவில் ஒரு மஞ்சள் தீற்றல், கத்திரிப்பூ நிறத்தில் கோடுகள். பயறு குடும்பத்துப் பூக்களில் பெரிய இதழ் மேலே குடை பிடித்ததுபோல் நிற்கும்; இதில் அது தலைகீழாக, ஏந்திய கைபோல் கீழே இருந்தது. சங்குப்பூவிலும் அப்படித்தான். படத்தில் பார்த்தபோது நான் தயங்கியதற்கு அதுதான் காரணம். ஆனால் எனக்குக் குனிய வேண்டிய வேலைகூட இருக்கவில்லை. நின்ற இடத்திலேயே இலை தெரிந்துவிட்டது.

சங்குப்பூவின் இலைக்காம்பில் ஐந்து சிற்றிலைகள் இருக்கும், சிலதில் ஏழு. இதில் மூன்று. அவரைக்கு இருப்பதுபோல மூன்று.

இருந்தாலும் குனிந்தேன். மனசு வேறு ஒரு பதிலுக்கு ஏங்கியது. பூவைப் பறித்து லென்ஸில் திருப்பிப் பார்த்தேன்: பெரிய இதழின் முதுகில் சின்ன முள் மாதிரி ஒரு துருத்தல். அதுவும் சங்குப்பூவுக்குக் கிடையாது. காய் ஒரு சாண் நீளம், தட்டை, நுனியில் ஊசி. முற்றிய காய்கள் முறுக்கிக்கொண்டு வெடித்து விதையைத் தெறித்துவிட்டிருந்தன. தென்னமெரிக்கக் கொடி. சென்ட்ரோசீமா என்பார்கள். ரப்பர் மரங்களுக்கு நடுவே களை வராமல் மண்ணை மூடவும் உரமாகவும் வெளியிலிருந்து கொண்டுவந்து பரப்பினார்கள். நல்ல கொடி என்று பெயர் வாங்கியதற்கே காரணம், அது வேகமாக எல்லாவற்றையும் மூடும் என்பதுதான். வகுப்பில் இதை நானே எத்தனை தடவை பாராட்டிச் சொல்லியிருக்கிறேன்!

ஒரு தண்டைத் தூக்கினேன். அது சுலபமாக வரவில்லை. ஒவ்வொரு கணுவிலும் பிடித்து இழுத்தது. எங்கெல்லாம் கணு ஈரமண்ணைத் தொட்டதோ அங்கெல்லாம் வேர் இறங்கியிருந்தது. ஒரு கணு வேரூன்றிய பிறகு தாய்த்தண்டு அழுகினாலும் அதற்குக் கவலை இல்லை, தனிச்செடியாகிவிடும்.

"என்ன டீச்சர்? எந்தப் பக்கம் போகுது வேரு?" என்று அக்கா கேட்டார்.

"அக்கா, இது சங்குப்பூ இல்லை."

அவர் என் கையிலிருந்த பூவைப் பார்த்தார். "அங்கன மலையாளத்தாளுக காட்டுப்பயறும்பாக. ரோசிதான் சங்குப்பூம்பா. வெளுத்துப்போன சங்குப்பூன்னு. அப்ப அவ சொன்னது தப்பா?"

பூ சங்குப்பூ மாதிரிதான் இருக்கிறது, யாருக்கும் அப்படித்தான் தோன்றும் என்றேன். குழந்தையைக் காப்பாற்ற வேண்டும்போல் இருந்தது. பிறகு வேரைப் பற்றிச் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் அது ஒரே விஷயம்தான்.

அவர் நம்பவில்லை, அல்லது நம்ப விரும்பவில்லை. "தோண்டிப் பாப்போம்" என்றார். அவர் முட்டி போடும் அடர்ந்த இடத்தில் களைக்கொத்தால் மண்ணைக் கிளறினேன். ஒரு தடித்த வேர் கிடைத்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டடி தள்ளிக் கிளறினேன். அதே தடிமனில் இன்னொன்று. சுவர் ஓரத்தில் ஒன்று, வேப்பங்கன்றின் அடியில் ஒன்று. வாய்க்கால் ஈரம் கசியும் பக்கத்தில் கிடைத்த வேர்தான் எல்லாவற்றிலும் தடியாக இருந்தது. அது ஈரத்தால் தடித்தது, வயதால் அல்ல. நட்ட செடி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதே சந்தேகம். ஆழமாகத் தோண்டவும் எனக்குத் துணிவில்லை. அந்த மூலையில் அவள் ஒருத்தி மட்டும் கிடக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அக்காவே என்னை விலக்கிவிட்டுக் கையால் ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி நகர்ந்தார். "இங்கனயும் வேரு. இங்கனயும் வேரு. இங்கனயும்..." என்று சொல்லிக்கொண்டே போனார். சுவர் வந்ததும் நின்றார். கொடியைக் கீழே போடாமல் வைத்துக்கொண்டே நின்றார்.

பாண்டி என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "டீச்சர், ஏதாச்சும் ஒரு எடத்தைக் காட்டி விட்ருங்க. நான் நூல் பிடிச்சுக் கட்டிருவேன். அக்கா மனசு ஆறிக்கிடும்."

காட்டியிருப்பேன். சத்தியமாகக் காட்டியிருப்பேன். ஆனால் வேர்களை அவர் தன் கையாலேயே எண்ணிவிட்டார். இனி நான் கை காட்டினால், அது பொய் என்று தெரிந்தே அதன் மேல் அவர் கல்லை வைக்க வேண்டும். களைக்கொத்தைத் துடைத்துப் பையில் வைத்தேன். பாண்டிக்கு என் மேல் கோபம் வந்தது தெரிந்தது.

"அப்பச் சுவத்துல பதிச்சுருவோமா அக்கா? கல்லு அப்பிடியே நிக்கும், யாரும் எடுக்க மாட்டாக" என்று அவரே கேட்டார்.

"வீட்லயும் சுவத்துலதான் இருக்கா பாண்டி. மண்ணுல எங்கன இருக்கான்னுதான கேட்டேன்" என்றார் அக்கா.

பாண்டி மணலைச் சாக்கால் மூடிவிட்டு, கரணையைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விட்டார். மதியம் வரை நாங்கள் இருவரும் பாதையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தோம். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்ற தவிப்பில், என் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். மதுரையில் தகனம் செய்து, சாம்பலை வைகையில் கரைத்தோம். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இடம் என்று ஒன்று கிடையாது. அதனால் பெரிய குறை ஒன்றும் வந்துவிடவில்லை என்றேன்.

அக்கா கோபப்படவில்லை. "நீங்க அனுப்பி வச்சுட்டீக டீச்சர். நான் வச்சுட்டுல்ல போனேன்" என்றார்.

இருபத்து மூன்று ஆண்டுகளாகப் பெயர் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெயர் தெரிவதால் யாருக்கும் எதுவும் குறையாது என்றுதான் நினைத்திருந்தேன். காலையில் அவரிடம் ஒரு தவறான இடமாவது இருந்தது. நான் வந்து அதையும் பிடுங்கிக்கொண்டேன். என் பையில் இருந்த செய்தித்தாளுக்குள் ஒரு கிளையைக்கூட எடுத்து வைக்கத் தோன்றவில்லை.

திரும்பி வந்த வழியைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. உத்தமபாளையத்தில் ஏறியது தெரியும். ஆரப்பாளையத்தில் இறங்கியது தெரியும். நடுவே ஆற்றையும் பார்க்கவில்லை, மலையையும் பார்க்கவில்லை. திருநாளுக்கு மறுநாள் மூலையைச் சமப்படுத்திவிட்டார்கள் என்று ஆரோக்கியம் சொன்னார். இரண்டு மழைக்குள் கொடி திரும்ப முளைத்திருக்கும். விதை அவ்வளவு கிடந்தது. கிளம்புவதற்கு முன்னால் நடந்ததை மட்டும் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

மூன்று மணி வண்டிக்குப் போக வேண்டும். மழை விட்டிருந்தது. கிளறிய மண்ணை மூடிவிட்டு வரலாம் என்று உள்ளே போய், குழிகளைக் காலால் தள்ளி நிரப்பினேன். முன்வரிசையில் யாரோ கொடுத்த மெழுகுவர்த்தி ஒன்று கையில் இருந்தது.

"வாங்கக்கா, நீங்கள் முட்டி போடும் இடத்திலேயே ஏற்றிவிட்டுப் போவோம்" என்று கூப்பிட்டேன்.

அக்கா பாதையிலேயே நின்றார். ஒரு காலை எடுத்து வைக்கப் போய், திரும்பவும் இழுத்துக்கொண்டார்.

"முந்தியெல்லாம் அந்த ஒரு எடத்தை மட்டும் மிதிக்காமச் சுத்திப் போவேன்" என்றார். "இப்ப எங்கன கால் வைக்க டீச்சர்?"

நான் கொடிகளுக்கு நடுவில், செருப்புக் காலோடு நின்றுகொண்டிருந்தேன்.